ஐந்து சாடித் தோட்டம்

எங்கள் வீட்டு வாசலில் இப்போது ஐந்து சாடிகள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இருபத்து மூன்று இருந்தன.

இருபத்து மூன்று எப்படி ஐந்தானது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டதும் தோற்றுப்போன கதை என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த இருபத்து மூன்று சாடிகளிலிருந்து நாங்கள் சமைத்துச் சாப்பிட்டது ஒரே ஒரு பிடி கீரைதான். இந்த ஐந்திலிருந்து வாரம் தவறாமல் ஏதாவது ஒன்று அடுப்புக்குப் போகிறது. வேலைக்கும் போய்க்கொண்டு, சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, வீட்டில் நாலு காய்கறி போடலாமா என்று யோசிப்பவர்கள் நான் செய்த தவறுகளைச் செய்யாமல் இருந்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

சிமெண்டு வாசல்

நாங்கள் தம்போயில் ஒரு மாடி இல்லாத வரிசை வீட்டில் இருக்கிறோம். 20 அடி அகலம், 70 அடி நீளம். முன்னால் கார் நிற்கும் இடம், பின்னால் துணி காயப்போடும் இடம். ஒரு பிடி மண் கிடையாது, எல்லாம் சிமெண்டு. இது என் பெற்றோர் 1989இல் வாங்கிய வீடு. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் கூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து இங்கே வந்தார்கள். வந்த வருஷமே வாசலுக்குச் சிமெண்டு போடச் சொன்னது அம்மாதான்.

"சேறு மிதிச்சது போதும்னு இருந்துச்சு" என்று இப்போது சொல்கிறார். தோட்டத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சிமெண்டு வாசல்தான் முன்னேற்றத்தின் அடையாளமாக இருந்தது. அதைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

நம் நாட்டில் தமிழர் வீடுகளில் 'தோட்டம்' என்றாலே ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம்தான். "பாட்டி தோட்டத்தில பொறந்தாங்க" என்று ஒருநாள் நான் சொன்னபோது, "பூ இருக்கிற தோட்டமா?" என்று கேட்டாள் என் மகள். அம்மா சிரித்துவிட்டு, "ரெண்டு தோட்டமும் இருந்துச்சு" என்றார். லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறிப் பாத்திகளைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக அவர் வாய் திறந்து பேசினார்.

பிறகு நானே தேடிப் படித்தேன். ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,700 சதுர அடி. எங்கள் தம்போய் வீட்டின் மொத்த நிலமே 1,400 சதுர அடிதான்! ஜொகூர் அந்த ஐக்கிய மாநிலங்களில் ஒன்று அல்ல. ஆனால் அம்மா வளர்ந்த தோட்டத்திலும் லயத்துக்குப் பின்னால் வெண்டை, கத்தரி, பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் இருந்தன. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது மரவள்ளிதான் உயிர் காத்தது என்று அம்மாவின் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

1974இல் அம்மாவுக்கு இருபது வயது. உலகமெங்கும் எண்ணெய் விலையும் உணவு விலையும் ஏறியிருந்த நேரம். பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காலியாகக் கிடக்கும் இடத்தில் காய்கறி போடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். "எங்களுக்கு அது புதுசா என்ன? நாங்க ஏற்கெனவே போட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்" என்பார் அம்மா.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் என் வீட்டுக்குள்ளேயே முப்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறார். நானோ செடி வளர்ப்பதைக் கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளப் போனேன். அதுதான் என் முதல் தவறு.

'போன் அப்பா'

என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லை மூடப்பட்டபோது, வேலையை விடமுடியாமல் அவர் அந்தப் பக்கமே தங்கிவிட்டார். அப்போது என் மகளுக்கு நாலு வயது, மகனுக்கு எட்டு மாதம். 2022 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை முழுதாகத் திறக்கும்வரை நாங்கள் பட்ட பாட்டை ஜொகூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர் திரும்பி வந்தபோது மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அப்பாவைப் பார்த்ததும் அவன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்த அப்பா கைப்பேசித் திரையில் இருப்பவர். "இது போன் அப்பா இல்ல" என்றான். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. குளியலறைக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவர் சிங்கப்பூரில் வாடகைக்கு இருந்த அறையின் ஜன்னலோரத்தில் வீட்டுக்காரர் கீரை வளர்த்திருக்கிறார். 2020இல் சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலங்களை அனுப்பத் தொடங்கியது நினைவிருக்கலாம். தனியாக இருந்த அந்த நாட்களில் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது கொஞ்சம் ஆறுதலாக இருந்ததாம். "பிள்ளைகளோட சேர்ந்து ஏதாவது நடலாமா?" என்று அவர்தான் கேட்டார். அப்பாவும் மகனும் ஒன்றாகச் செய்ய ஒரு வேலை வேண்டும் என்று நானும் நினைத்தேன். காய்கறி விலையும் முந்திய ஆண்டுக் கடைசியில் ஏறியது ஏறியபடியே நின்றது.

இருபத்து மூன்று சாடிகள்

ஒரே வாரத்தில் எல்லாம் வாங்கினோம். சாடிகள், தண்ணீர் வழியாமல் இருக்க அவற்றுக்கு அடித்தட்டுகள், மண் மூட்டைகள், விதைகள். 300 வெள்ளிக்கு மேல் செலவானது. விதைகளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்காதீர்கள். பொட்டலத்தில் படம் அழகாக இருந்ததையெல்லாம் எடுத்தோம். தக்காளி, கேரட், ஸ்ட்ராபெர்ரி, கொத்தமல்லி.

தம்போய், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றரை பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் மழை. கேரட்டுக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் வேண்டிய குளிர், ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் கேமரன் மலையில் கிடைக்கும். நம் கார் நிறுத்தும் இடத்தில் கிடைக்காது. கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் வெப்பம் தாங்காமல் பூத்துவிட்டது. நேர் மண்ணில் தூவிய சின்ன விதைகளை ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மழை ஒரே அடியில் கால்வாய்க்குக் கொண்டுபோனது.

தக்காளி மட்டும் ஆசை காட்டியது. இடுப்பு உயரம் வளர்ந்து பூவும் விட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் இலைகள் பச்சையாகவே தொங்கிப்போயிருந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினோம். மூன்று நாளில் எல்லாம் போய்விட்டன. அது பாக்டீரியா வாடல் நோய் என்று பிறகுதான் தெரிந்தது. வெப்பமான தாழ்நிலத்தில் தக்காளிக்குப் பெரிய எதிரியே அதுதான். உங்களுக்கும் அப்படி நடந்தால் தண்டை வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால் போல ஒரு நூல் தண்ணீரில் இறங்கினால் அந்த நோய்தான். மருந்து கிடையாது. அந்த மண்ணில் மறுபடியும் தக்காளி, மிளகாய், கத்தரி எதையும் நடக்கூடாது. மூன்றும் ஒரே குடும்பம்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி நமக்கெல்லாம் தெரியும். அது தமிழ்நாட்டுப் பருவத்துக்குப் பிறந்த மொழி. இங்கே எந்த மாதமும் விதைக்கலாம். டிசம்பர், ஜனவரி அடைமழையில் மட்டும் நாற்றுகளைக் கூரைக்கு அடியில் வைத்துக்கொண்டால் போதும். என்ன விதைக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

அந்த வார நாட்கள்

அடுத்து நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். செடி வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செடிகள் செத்த பிறகு சாடிகளை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் பக்கத்து வீட்டு மாக்சிக்கின் பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு வயதுப் பையன், தினமும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் பிள்ளைகளோடு பேசுபவன். டிங்கி என்று உறுதியானது. இரத்தத் தட்டணுக்கள் இறங்கி, ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தான்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர்கள் எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாகச் சோதித்தார்கள். எங்கள் சாடிகளின் அடித்தட்டுகளில் கைவிளக்கை அடித்துப் பார்த்தார் ஒருவர். இரண்டு தட்டுகளில் புழுக்கள் நெளிந்தன. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 500 வெள்ளி அபராதம் எழுதினார். காகிதத்தை வாங்கும்போது என் கை நடுங்கியது. அபராதத்துக்காக அல்ல.

அந்தப் பையனைக் கடித்த கொசு எந்த வீட்டில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஏடிஸ் கொசு பிறந்த இடத்தைவிட்டு அதிகத் தூரம் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். 2019இல் மட்டும் நம் நாட்டில் 130,000க்கும் அதிகமானோருக்கு டிங்கி கண்டு, 182 பேர் இறந்தார்கள். என் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்து நான் வாங்கி வைத்த தட்டில் இன்னொரு பிள்ளைக்கு ஆபத்து வளர்ந்திருக்கிறது.

அன்றிரவே எல்லாவற்றையும் மூட்டை கட்டினோம். அம்மாவும் நானும் மாக்சிக் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "என் வீட்டுப் பின்கட்டிலும்தான் வாளிகள் இருக்கின்றன. இதில் யார் யாரைக் குறை சொல்வது?" என்றார். என்னால் அந்தத் தேநீரைக் குடிக்க முடியவில்லை.

இரண்டு மாதம் எங்கள் வாசல் வெறும் சிமெண்டாகவே கிடந்தது. பையன் தேறி மறுபடியும் விளையாட வந்துவிட்டான். ஒருநாள் மாக்சிக், வேரோடு பிடுங்கிய செராய்க் கொத்து ஒன்றை வேலிக்கு மேலாக நீட்டினார். "நடு. இதற்குத் தட்டு வேண்டாம்" என்றார்.

ஆளுக்கு ஒரு சாடி

அந்தச் செராயை நடும்போதுதான் நான் அம்மாவிடம் கேட்டேன். கேட்டதே அதுதான் முதல் தடவை. "அம்மா, நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"வீட்டில எத்தனை பேரு? அஞ்சு. அஞ்சு சாடி போதும். ஆளுக்கு ஒண்ணு. எதைத் தினமும் ஆயுறோமோ அதை நடு. எலை மொதல்ல, காய் அப்புறம். படத்தைப் பார்த்து வாங்காதே."

முப்பது ஆண்டு பேசாமல் இருந்தவர் அரை நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த ஐந்து சாடிகள் இவைதான்.

அம்மாவுக்குக் கறிவேப்பிலை. நம் சமையலுக்கு இது இல்லாமல் ஆகாது. வளர நாளாகும், அதனால் விதை போடாமல் கன்றாக வாங்குங்கள். முதல் ஆண்டு ஆசைப்பட்டு மொட்டையடிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் பக்கக் கிளை வெடிக்கும்.

கணவருக்கு மிளகாய். நம் பக்கத்து ஊர் கூலாயின் பெயரிலேயே ஒரு மிளகாய் ரகம் இருக்கிறது. நாற்றாக வாங்கி 16 அங்குலப் பையில் நட்டால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் முதல் காய் பறிக்கலாம். இலை சுருண்டால் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பூச்சி இருக்கும். சுருண்ட நுனியை வெட்டிவிட்டு, தண்ணீரை அடிப்பக்கமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

மகளுக்குக் கங்கோங். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற பயிர். விதையை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் 25 முதல் 30 நாளில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் மூன்று, நான்கு தடவை தழைக்கும். சந்தையில் வாங்கிய கங்கோங் தண்டையே ஈர மண்ணில் செருகினாலும் வேர் பிடிக்கும். அதைக் குவளைத் தண்ணீரில் போட்டு வேர்விடச் செய்வது வேண்டாம். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மகனுக்கு வெண்டை. விதை பெரிதாக இருப்பதால் சின்னக் கைகளுக்குப் பிடிக்க வரும். நாலைந்து நாளில் முளைத்துவிடும். மஞ்சள் பூ விடும்போது பிள்ளைக்கு வரும் சந்தோஷத்தை நீங்கள் பார்க்க வேண்டும். விதைத்து 50 நாள் வாக்கில் முதல் காய் கிடைக்கும். பூத்து ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டும். விட்டால் நாராகிவிடும்.

எனக்குச் செராய். மாக்சிக் கொடுத்தது. ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, வெயிலில் வைத்தால் போதும். செராய் இருந்தால் கொசு வராது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். சும்மா நிற்கும் செடி கொசுவை விரட்டாது. தேங்கிய தண்ணீரை ஊற்றித் தள்ளும் கைதான் விரட்டும்.

மண், வெயில், தண்ணீர்

கலவைக்கு அம்மாவின் கணக்கு மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. மூன்று பங்கு மண், இரண்டு பங்கு நன்றாக மட்கிய எரு, ஒரு பங்கு மணல். கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். கோழி எருவைப் பச்சையாகப் போடாதீர்கள். சூட்டில் வேர் வெந்துவிடும், பிள்ளைகளுக்கும் கிருமி ஆபத்து. மட்கவைத்து மூட்டையில் விற்பதை வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாடியின் ஓரமாக ஒரு பிடி போட்டால் போதும்.

காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு நாலு மணி நேரம் போதும். வாங்குவதற்கு முன்பு ஒரு விடுமுறை நாளில் எங்கே எத்தனை மணிவரை வெயில் விழுகிறது என்று பாருங்கள். நாங்கள் பிள்ளைகளைச் சாக்கட்டியால் சிமெண்டில் கோடு போடச் சொன்னோம். காலை ஒன்பதுக்கு ஒரு கோடு, பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. அவர்களுக்கு அது விளையாட்டு, எங்களுக்கு அது வரைபடம்.

சாடியைச் சிமெண்டில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சூடு ஏறாது, தண்ணீர் ஓடிவிடும், கீழே என்ன இருக்கிறது என்று குனிந்தால் தெரியும். அடித்தட்டு வேண்டவே வேண்டாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். பிள்ளைகளிடம் ரப்பர்க் குழாயைக் கொடுக்காமல் சின்னக் குவளையைக் கொடுங்கள். குழாயைக் கொடுத்தால் செடி மூழ்கும், வாசலும் மூழ்கும்.

வீட்டு மதிலுக்கு வெளியே, கால்வாய் ஓரத்தில் நடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது பொது இடம், உங்கள் பெயரில் இல்லை. மாநகர் மன்றத்தைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

பிள்ளைகள் கை வைக்கும் முன்

செருப்பு இல்லாமல் மண் பக்கம் போகக்கூடாது. பூனை மலமும் எலிச் சிறுநீரும் மண்ணில் இருக்கலாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். மிளகாய் பெரியவர்கள் பறிக்கட்டும். மிளகாய் பட்ட கையால் பிள்ளை கண்ணைத் தேய்த்தால் அன்றைய தினம் அழுகையில்தான் முடியும். மரவள்ளியைப் பச்சையாக வாயில் வைக்கக்கூடாது, அதில் நஞ்சு இருக்கிறது. அரளி, அலமண்டா போன்ற பூச்செடிகளைக் காய்கறிச் சாடிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். சாப்பிடும் செடி எது, சாப்பிடாத செடி எது என்று மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. சமைத்த சோறு, மீன் கழிவு எதையும் எருத் தொட்டியில் போட வேண்டாம், எலி வரும். எந்தப் பூச்சி மருந்தும் எங்கள் வீட்டில் கிடையாது.

வாரம் ஒருமுறை பத்து நிமிடச் சோதனை. கொசுமுட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை. வாளி, குவளை, மூடி, இலைக்கணு, மண்ணில் விழுந்த குழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

செடி செத்தால் பிள்ளைக்குத் தெரியாமல் வேறு செடியைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். மகனின் முதல் வெண்டைச் செடி காற்றில் முறிந்துபோனது. கணவர் இரவோடு இரவாகப் புதுக் கன்று வாங்கி வரலாமா என்று கேட்டார். அம்மா விடவில்லை. காலையில் மகன் அழுதான். பிறகு அவனே பாட்டியிடம் போய் இரண்டு விதை கேட்டு வாங்கி ஊறப்போட்டான்.

ஒரு புழுவுக்குப் பங்கு

ஒருநாள் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் குச்சியால் தொட்டதும் நகர்ந்தது. வண்ணத்துப்பூச்சியின் புழு. சில நாளில் அது பச்சை நிறத்துக்கு மாறி, ஒரு கிளையையே தின்று தீர்த்தது. அதை எடுத்து வீசப்போன அம்மாவின் கையை இரண்டு பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு கிளையில் சிவப்புத் துணி கட்டி, அது புழுவின் பங்கு, மற்றது நம் பங்கு என்று பேச்சுவார்த்தை முடிந்தது. புழு அந்த ஒப்பந்தத்தை மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். கூடு கட்டி, பத்து நாளுக்கு மேல் காத்திருந்து, ஒரு காலையில் கறுப்புச் சிறகோடு அது பறந்ததைப் பார்த்தபோது அம்மா சொன்னார், "தோட்டத்தில இதை எத்தனையோ நசுக்கியிருக்கேன். இப்படிப் பார்த்ததே இல்லை."

என் கணவர் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். தலைக்கவசத்தைக் கழற்றுமுன் மகன் கைவிளக்கோடு வாசலில் நிற்பான். இருவரும் குனிந்து, இன்றைக்கு எத்தனை மிளகாய், எத்தனை பூ என்று எண்ணுவார்கள். அப்பாவின் சாடியில் ஒன்பது, என் சாடியில் மூன்று என்று அவன் கத்துவது சமையலறைவரை கேட்கும். 'போன் அப்பா' என்ற பேச்சு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. நின்றுவிட்டது.

பணம் மிச்சமா?

உண்மையைச் சொல்கிறேன், பெரிதாக இல்லை. ஐந்து சாடியால் ஒரு குடும்பத்துக்குக் காய்கறி ஆகாது. கறிவேப்பிலையும் செராயும் கடையில் வாங்கி நாளாகிவிட்டது. மிளகாய் பாதி நாளுக்கு வருகிறது. கங்கோங் மூன்று வாரத்துக்கு ஒரு பிரட்டல். வெண்டை தினம் ஒன்று, இரண்டு என்று பறித்துச் சேர்த்துவைத்தால் வாரக் கடைசியில் ஒரு குழம்புக்குச் சரியாக இருக்கும். அபராதத்தையும் முதலில் வீணாக்கியதையும் கூட்டினால் என் வெண்டைக்காய்தான் ஜொகூரிலேயே விலை உயர்ந்தது.

ஆனால் வெண்டைக்காயைத் தட்டிலிருந்து பொறுக்கி ஒதுக்கிய என் மகன், தான் வளர்த்ததைச் செடியிலிருந்தே பறித்து, கழுவி, பச்சையாகக் கடிக்கிறான். இதை நான் எதிர்பார்த்து இறங்கவில்லை. அதைவிட, மண்ணை வேண்டாம் என்று சிமெண்டு போட்ட என் அம்மா, காலையில் எழுந்ததும் முதலில் வாசலுக்குப் போகிறார். பேரப்பிள்ளைகளுக்கு லயத்துக் கதை சொல்கிறார். எனக்குச் சொல்லாத கதைகள். நான் கேட்காத கதைகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், விதை வாங்கப் போவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு சாடி. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம், முதல் ஆறு மாதத்துக்காவது.

எங்கள் கொசுச் சோதனை முதலில் ஞாயிறு மாலையில் இருந்தது. அப்போது ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, அவர்களுடைய அப்பாவுக்கு ஞாயிறுதான் ஓய்வு. 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறையானதும் அதைக் காலைக்கு மாற்றினோம். இப்போது மூன்று பிள்ளைகள் கைவிளக்கோடு சுற்றுகிறார்கள். மூன்றாவது, மாக்சிக்கின் பேரன். எங்கள் வீட்டை முடித்துவிட்டு அவர்கள் வீட்டுப் பின்கட்டுக்கு மூவரும் போகிறார்கள். வாளிகளைக் கவிழ்க்கும் சத்தம் கேட்கும். பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் வரும்: "தண்ணீர் எங்கும் இல்லை, ஆன்ட்டி!"

அதைக் கேட்ட பிறகுதான் நான் காலைத் தேநீருக்கு உட்காருவேன்.